உள்ளே விட்ட துணி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். மூட்டு வலி மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லாமல் கூடவே இருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் மருமகளும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள், குட்டிக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா, மருமகளுக்கு அந்தத் தலைவலி விட்டதா, எல்லாவற்றையும் எனக்குச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருக்கும், அடித்துத் திருத்தியும் இருப்பேன், நீ கொஞ்சம் பார்த்துப் படித்துக்கொள். இது போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் நீ போனை வைத்து இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை நல்லா இருக்கேன் என்று ஒரு வரி அனுப்பினாய், அவ்வளவுதான். நான் கூப்பிட்டால் மருமகள் எடுக்கிறாள், அவர் குளிக்கிறார் அத்தை என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், சாயங்காலம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். வாளித் தண்ணீரோடு வீடு முழுக்க உன்னைத் துரத்திப் பிடித்துக் குளிப்பாட்டினவள் நான், என் பிள்ளை இவ்வளவு சுத்தக்காரன் இல்லை என்று எனக்குத் தெரியாதா. அவளைத் திட்டாதே, பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை, நாக்கு தடுமாறுகிறது.

இங்கே கடை ஓடுகிறது. உன் சித்தப்பா தினமும் சரியாக ஒன்பது மணிக்கு வந்து திறந்துவிடுகிறார், பஸ் டிரைவர்களின் யூனிஃபார்ம் இந்தத் தடவையும் நமக்குத்தான் வந்திருக்கிறது, நூற்று நாற்பது பேன்ட், அதே சாம்பல் கலர் துணி. சித்தப்பா வெட்டுகிறார், இரண்டு பேர் மிஷினில் உட்காருகிறார்கள், காஜா எடுப்பது கொக்கி வைப்பது இடுப்புப் பட்டி மடித்துக் கையால் தைப்பது எல்லாம் எப்போதும் போல நான். சித்தப்பாவுக்கு உன் அப்பா மாதிரி வாய் ஓயாமல் பேச வராது, வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டு எதையோ மறந்த மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறார்கள். மாடி வீட்டு டீச்சர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சூப் கொண்டுவந்து கொடுக்கிறாள், உப்பே இருக்காது, நானும் அருமை டீச்சர் என்று குடிக்கிறேன், அதனால் இன்னும் கொண்டுவருகிறாள். குளியலறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது, அதற்கு ஆள் சொல்லியிருக்கிறேன், நீ அங்கிருந்து கவலைப்படாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆபீசில் லீவுக்குப் பேப்பர் கேட்டார்கள் என்று நீ சொன்னதும், சித்தப்பா ஆஸ்பத்திரி ஃபைல் முழுவதையும் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டார். எது வேண்டும் எது வேண்டாம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதில் ஒரு தாளில், நோயாளிக்கு ஆபரேஷன், குழாய் இரண்டும் விளக்கிச் சொல்லப்பட்டது, நோயாளி குழாயைத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதி, கீழே அப்பாவின் கையெழுத்து இருந்தது. நீ அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டாய். டாக்டர் ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாருன்னுதானேம்மா எங்கிட்ட சொன்ன, ஏம்மா மறைச்ச, கட்டியை வெட்டி எடுத்திருந்தா அப்பா இன்னும் இருந்திருப்பாரே, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முயற்சியே பண்ணாம விட்டுட்டீங்களே என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் போன் நின்றுவிட்டது. நீ வைத்தாயா அதுவாக அறுந்ததா என்று கூட முதலில் எனக்குப் புரியவில்லை. நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை. படித்த பிறகும் கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆனால் தெரியாமல் கோபப்படாதே.

முதலில் ஒன்று. கட்டியை எடுப்பது என்ற பேச்சே அங்கே இல்லை கண்ணு. வயிற்றிலிருந்து சாப்பாடு குடலுக்கு இறங்குகிற வாய் இருக்கிறதே, அங்கே கட்டி வளர்ந்து வழியை அடைத்துவிட்டது, அதோடு ஈரலிலும் பொட்டுப் பொட்டாகப் பரவியிருந்தது. அதனால் வெட்டி எடுத்துப் பயன் இல்லை என்று இரண்டு டாக்டரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆபரேஷன் என்றாலும் குழாய் என்றாலும் அது நோயை எடுப்பதற்கு இல்லை, சாப்பிட்டது இறங்க ஒரு வழி பண்ணுவதற்கு மட்டும். இதை நான் உன்னிடம் அன்றைக்கே சரியாகச் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பது பாதி, சொன்னால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்பது மீதி.

ஸ்கேன் எடுத்த மறுநாள் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். ஒரு மேசை, நான்கு நாற்காலி, மூலையில் கை கழுவும் தொட்டி. அப்பாவின் மூக்கில் குழாய் இருந்தது, வயிற்றில் தேங்கிக் கிடந்ததை இரண்டு நாளாக அதன் வழியாகத்தான் எடுத்தார்கள். வெட்டுகிற டாக்டர் வந்தார், பெரிய கண்ணாடி போட்டவர், நான் அவருக்குக் கண்ணாடி டாக்டர் என்றே பேர் வைத்துவிட்டேன். கூடவே வாய் வழியாகக் குழாய் விடுகிற டாக்டர் அம்மாவும் வந்தாள், நம் மருமகள் வயசுதான் இருக்கும், தலை பின்னக் கூட நேரம் இல்லாத மாதிரி அள்ளி முடிந்திருந்தாள். கண்ணாடி டாக்டர் ஒரு தாளின் பின்பக்கம் பை மாதிரி படம் வரைந்தார். அடிவாய் அடைத்துவிட்டது, நான் இந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு வாய் வெட்டி, குடலைத் தூக்கி அங்கே வைத்துத் தைப்பேன், சாப்பாடு அடைப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்றார். டாக்டர் அம்மா தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கம்பி வலைக் குழாயை எடுத்து உன் அப்பா கையில் கொடுத்தாள். சுருங்கி இருக்கும்போது விரல் கூட நுழையாது, உள்ளே போனதும் தானே மெதுவாக விரிந்து அடைப்பைத் தள்ளி நிற்கும், வெட்டுக் காயம் இல்லை என்றாள். அப்பா அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பிறகு படத்தில் விரலை வைத்து, அப்போ பையோட வாய் மூடிக்கிச்சு, ஐயா சொல்றது பக்கத்துல புது வாய் வச்சுத் தைக்கிறது, இந்த அம்மா சொல்றது மூடின வாயையே விரிச்சு வைக்கிறது, அவ்வளவுதானே என்றார். கண்ணாடி டாக்டர் சிரித்துவிட்டார். நீங்க எங்க தொழிலுக்கே வந்திருக்கலாம் என்றார். உன் அப்பா விடுவாரா, வந்திருப்பேன் ஐயா, ஆனா எங்க கடையில பிடிக்கலைன்னா பிரிச்சுத் தைச்சுக் குடுப்போம், உங்க கடையில அது முடியாதே என்றார். மூக்கில் குழாயோடு அந்தப் பேச்சு. எனக்குச் சிரிப்பும் வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவர் மூன்று கேள்வி கேட்டார். எது நாள்பட நிற்கும் என்று முதல் கேள்வி. கண்ணாடி டாக்டர் ஒளிக்கவில்லை, தைத்தது ஒட்டிக்கொண்டால் அதுதான் நாள்பட நிற்கும், குழாயில் கட்டி வலைக்குள் புகுந்து வளரும், சில வாரத்திலோ சில மாதத்திலோ மறுபடி அடைக்கலாம், நழுவவும் நழுவலாம், அப்போது இன்னொரு குழாய் விட வேண்டியிருக்கும் என்றார். டாக்டர் அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். எதில் சீக்கிரம் சாப்பிடலாம் என்று இரண்டாவது. குழாய் என்றால் மறுநாள் தண்ணீர், இரண்டு மூன்று நாளில் குழைய வெந்த சோறு, வீட்டுக்கும் போய்விடலாம். ஆபரேஷன் என்றால் பத்து நாளுக்குக் குறையாமல் ஆஸ்பத்திரி, சிலருக்கு வயிறு மறுபடி அசைய இன்னும் கூட நாள் எடுக்கும் என்றார்கள். மூன்றாவது கேள்வியை மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். துணி நைஞ்சிருந்தா தையல் நிக்காது ஐயா, என் துணி எப்படி இருக்கு என்றார். கண்ணாடி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரத்தத்தில் சத்து ரொம்பக் குறைந்திருக்கிறது, தையல் ஒட்டலாம், கசியவும் கசியலாம், பல மாதம் இருப்பார் என்று தெரிகிற ஆளுக்கு நான் யோசிக்காமல் வெட்டுவேன், உங்களுக்கு எவ்வளவு நாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, குழாய் நல்லது என்று என் மனசு கொஞ்சம் சாய்கிறது, ஆனால் நீங்களும் வீட்டாரும் வேண்டும் என்றால் நான் செய்யத் தயார், நாளைக் காலையில் சொல்லுங்கள் என்றார்.

வெளியே நடைபாதையில் வந்ததும் நான் உன் அப்பாவோடு சண்டை போட்டேன். ஆமாம், சண்டைதான். நீ என்னைக் கேட்டாயே, அதை எல்லாம் நான் அவரிடம் அன்றைக்கே கேட்டுவிட்டேன். நாள்பட நிக்கிறது அதுதான்னு பெரிய டாக்டரே சொல்றாரு, நீங்க என்ன பேரம் பேசிக்கிட்டு இருக்கீங்க, வெட்டச் சொல்லுங்க என்றேன். தண்ணீர் மிஷின் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள், அவ்வளவு சத்தம். அவர் என்னை பெஞ்சில் உட்காரவைத்தார். அவன் எப்போ வர்றான் என்று கேட்டார். நீ டிக்கெட் எடுத்துவிட்டாய், அன்றையிலிருந்து ஒன்பதாம் நாள் வருகிறாய், பன்னிரண்டு நாள் இருக்கிறாய். விரல் விட்டு எண்ணிக் காட்டினார். வெட்டினா அந்தப் பன்னிரண்டு நாள்ல பாதியாவது நான் வார்டுல வயித்துல கட்டோட கெடப்பேன், அவன் பாக்கிற நேரத்துக்கு வந்து ஆரஞ்சு பழத்தை வச்சுட்டு மணியைப் பாத்துட்டுப் போவான், எனக்கு அது வேண்டாம், நம்ம மேசையில அவன் எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடணும், நானும் அவன் எதிர்ல சாப்பிடணும் என்றார். நான் அழுதேன். நாள் குறைஞ்சா என்றேன். குறைஞ்சா குறையட்டும்டி, நீளம் பாத்தா போதுமா, போட்டுக்க முடியணும்ல என்றார். அவர் பேச்சு எப்போதும் துணிக்குத்தான் வந்து நிற்கும், உனக்குத் தெரியுமே.

உன்னிடம் டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார் என்று சொல்லச் சொன்னவரும் அவர்தான். அவன் என் பிள்ளை, விஷயம் தெரிஞ்சா நாலு டாக்டரைக் கேப்பான், கம்ப்யூட்டரைத் தொறந்து வச்சுக்கிட்டு என்கிட்ட வாதாடுவான், பன்னெண்டு நாளும் வாதத்துலயே போயிடும், அப்புறம் சொல்லிக்கலாம் என்றார். அப்புறம் என்பது அவர் இருக்கும்போது வரவே இல்லை. நான் அவர் சொன்னதைச் சொன்னேன். உனக்காகத்தான் அவர் நாளைக் குறைத்துக்கொண்டார் என்று நீ இப்போது எடுத்துக்கொள்வாயோ என்றுதான் இந்த இருபத்து மூன்று நாளும் எனக்குப் பேனா எடுக்கக் கை வரவில்லை. அப்படி எடுத்துக்கொள்ளாதே ராசா. அது உனக்காக இல்லை, அவருக்காக. அவருக்கு ஆசையானதை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷமாக ஊரார் அளவுக்கு வெட்டின மனுஷன் தன் அளவுக்கு ஒன்று வெட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்.

அந்தப் பன்னிரண்டு நாளையும் நீ பார்த்தாயே. முதல் நாள் நீ பெட்டியைக் கூட இறக்காமல் அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாய். குழைந்த சோறும் மசித்த உருளைக்கிழங்கும் பாதி முட்டையும், நாற்பது நிமிஷம் மென்றார், சாப்பிட்டதும் படுக்கக் கூடாது என்று நேராக உட்கார்ந்தார். குட்டி அவர் முன்னால் உட்கார்ந்து தாத்தா சீக்கிரம் முழுங்குங்க என்று கட்டளை போட்டது, அவரும் இருங்க மேடம், உள்ள டிராஃபிக் ஜாஸ்தி என்றார். நாலாம் நாள் நீ வாங்கிவந்த ஐஸ்கிரீமை ஒரு கப் முழுதும் சாப்பிட்டுவிட்டு ஸ்பூனை நக்கினார். ஆறு மாதமாக அவர் ஸ்பூன் நக்கி நான் பார்த்ததில்லை. நீ ஊருக்குத் திரும்பின பிறகு ஐந்து வாரம் அப்படியே போனது. பிறகு மறுபடி வாந்தி. கட்டி வலைக்குள் வளர்ந்துவிட்டது, இரண்டு டாக்டரும் சொன்ன மாதிரியேதான். டாக்டர் அம்மா முதல் குழாய்க்குள்ளேயே இன்னொன்று விட்டாள், கஞ்சியும் சூப்பும் இறங்கியது, சோறு கேட்டார், கொஞ்சம் கொடுத்தேன். அப்புறம் அவருக்கே பசி இல்லை. அது குழாயால் இல்லை, உடம்பு போதும் என்று சொல்லிவிட்டது. காலையில் டீச்சர் சூப்பை இரண்டு வாய் குடித்துவிட்டு, இந்த அம்மாவுக்கு உப்பு டப்பா வாங்கிக் குடு என்றார். அன்று மத்தியானம் போய்விட்டார். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்காக நீ உன்னையே நொந்துகொள்கிறாய், அதுவும் எனக்குத் தெரியும்.

நீ போனை வைத்த பிறகு எனக்கும் மனசு ஆறவில்லை. மிச்சம் இருந்த மருந்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அம்மா நடந்துகொண்டே ரொட்டி தின்றுகொண்டு வந்தாள், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நாங்க தப்பு பண்ணிட்டோமா டாக்டர், வெட்டியிருக்கணுமா என்று கேட்டேன். அவள் ஆறுதலுக்கு ஒன்று சொல்லி அனுப்பியிருக்கலாம், செய்யவில்லை. வெட்டியிருந்தா ரெண்டாவது தடவை அடைச்சிருக்காதும்மா, அது நிஜம், ஆனா அந்த உடம்போட தையல் ஆறி எழுந்திருப்பாரான்னு எனக்குத் தெரியாது, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம், வார்டை விட்டு வெளியே வராமலும் போயிருக்கலாம், எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு, அவர் வீட்டுல எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்டாள். நான் கணக்குப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு நாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ரொட்டித் துகள் எல்லாம் என் கையில் ஒட்டியது. உனக்கு நான் இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, இவ்வளவுதான் யாருக்கும் தெரியும்.

ஆனால் நீ யார் மேலாவது கோபப்படத்தான் வேண்டும் என்றால் அதற்கு நான் இருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஐந்தாறு மாதம் முன்னாலிருந்தே அப்பா இளைத்துக்கொண்டு வந்திருக்கிறார், அது என் கண்ணில் படவில்லை. கூடவே இருக்கிற பெண்டாட்டிக்குத் தெரியாதா என்று எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையை நீயும் பார்த்திருப்பாய். ஏன் படவில்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டிரைவர் யூனிஃபார்ம் துணியில் மிச்சம் விழுகிற துண்டில்தான் அவர் தனக்கும் பேன்ட் தைத்துக்கொள்வார், எல்லாம் ஒரே சாம்பல் கலர். அந்த மாதங்களில் ஆல்டரேஷன் மூட்டையோடு மூட்டையாக ஒரே ஆளுடைய இரண்டு பேன்ட் அடிக்கடி வரும், உள்பக்கம் திருப்பி, சாக்பீஸால் கோடு போட்டு, இடுப்பில் ஒரு இஞ்ச் பிடிக்கணும், பட்டியைப் பிரிச்சுக் குடு என்பார். நான் பிரித்துக் கொடுப்பேன், அவர் மிஷினில் பிடித்துத் தருவார், நான் மறுபடி பட்டியை மடித்துத் தைத்துக் கொக்கி வைப்பேன். மூன்றாவது தடவை வந்தபோது நான் கேட்டேன், யாருங்க இந்த டிரைவர், மாசம் ஒரு இஞ்ச் இளைக்கிறாரு, வீட்டுல பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளா இல்லையா, சோறு போடுறாளா இல்ல டிவி பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளா என்றேன். உன் அப்பா கண்ணில் தண்ணீர் வர அப்படிச் சிரித்தார். இருக்கா இருக்கா, நல்லவதான், கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்றார். நானும் சிரித்துக்கொண்டே கொக்கி வைத்தேன். இடுப்பு சரியாக நிற்கிற பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிற மனுஷன் இளைத்தது யாருக்குத் தெரியும். தையல்காரன் வீட்டில்தான் இப்படி ஒன்று நடக்க முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழித்தேன். அவர் பேன்ட்டை யாருக்காவது கொடுக்கலாம் என்று உள்பக்கம் திருப்பினால், பின் தையலில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நாலு தையல் கோடு. பட்டியில் என் கைத் தையல். என் தையல் எனக்குத் தெரியாதா, முடிச்சை எப்போதும் இடது பக்கம் போடுவேன். அந்த நல்லவள், அந்த வாய் ஜாஸ்திக்காரி, நான்தான். யூனிஃபார்ம் சீசன் முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார், என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார், கேஸ் கேஸ் என்று மாத்திரையை முழுங்கியிருப்பார். எவ்வளவு நாளாக இளைக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது சரியாத் தெரியலைங்க என்றார், ஒவ்வொரு இஞ்சாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. குழாயா கத்தியா என்று நீயும் நானும் சண்டை போடுகிறோம், அந்தக் கேள்வி வந்தபோது ஏற்கனவே நாலு கோடு ஓடிவிட்டது கண்ணு. முதல் கோட்டிலேயே பார்த்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று டாக்டர் அம்மாவிடம் இனிமேல் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்படி நாலு கோடு ஓடின பேன்ட் அலமாரியில் இரண்டு இருந்தது. ஒன்றை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன், கடிதம் அதற்குள்தான் இருந்திருக்கும். உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார். நாலு கோடு ஓட்டியிருக்கிறார், ஆனால் ஒரு இடத்தில் கூடத் துணியை வெட்டவில்லை. இடுப்பைப் பிடிக்கிறவர்கள் மிச்சத் துணியைக் கத்தரித்து எறிந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் உள்ளே தடித்துக்கொண்டு உறுத்தும். அவர் அத்தனையையும் உள்ளேயே மடித்து வைத்திருக்கிறார், உறுத்தினால் உறுத்தட்டும் என்று. மறுபடி உடம்பு வந்தால் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றுதானே. முயற்சியே பண்ணவில்லை என்று சொன்னாயே, அதற்கு இதைத்தான் என்னால் காட்ட முடியும். அந்த மனுஷன் விட்டுவிடவில்லை.

உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். போன தடவை வந்தபோது சாப்பிட்டதும் நெஞ்சைத் தடவிக்கொண்டு கேஸ்மா என்றாய், நான் மறக்கவில்லை. அங்கே ஒரு டாக்டரிடம் வயிற்றைக் காட்டு, வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கணும் என்றால் பார்க்கச் சொல்லு, பயப்படாதே, தூங்க வைத்துத்தான் செய்வார்கள். மருமகளிடம் மாதம் ஒரு தடவை உன்னை எடை போடச் சொல்லியிருக்கிறேன், அவளை ஏமாற்றாதே, நம் குடும்பத்து ஆண்கள் எப்படி ஏமாற்றுவார்கள் என்று அவளுக்கு இப்போது நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன். குட்டியைத் திட்டிச் சாப்பிட வைக்காதே, பசித்தால் கேட்கும். வேலை வேலை என்று ஓடாமல் மூன்று பேரும் ஒரு வேளையாவது ஒரே மேசையில் உட்காருங்கள். உன் அப்பாவுக்குப் பிடித்திருந்த சந்தோஷம் அது, அது உங்கள் வீட்டில் நிறையட்டும். நீங்கள் மூன்று பேரும் வயிறு நிறைந்து, மனசு குளிர்ந்து, நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

மறக்காமல் ஒன்று. இன்னொரு பேன்ட் என் மடியில் இருக்கிறது, மூன்று கோட்டைப் பிரித்துவிட்டேன், நாலாவதைப் பிரிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். உனக்கும் அவர் உடம்பு வாகுதான், உள்ளே விட்ட துணி உனக்குக் காணும் என்று நினைக்கிறேன். உன் இடுப்பு அளவு வேண்டும். டேப்பை மருமகள் பிடிக்கட்டும், நீ மூச்சை இழுத்துக்கொண்டு நிற்காதே, உன் அப்பா எல்லாரிடமும் சொல்வாரே, வயிறை உள்ள இழுத்தா பேன்ட் உங்களுக்கு இல்ல, வேற ஆளுக்குத்தான் சேரும் என்று, அந்த மாதிரி சும்மா நில். அளவை எழுதி அனுப்பாதே, எனக்கு இஞ்ச் எது சென்டிமீட்டர் எது என்று குழம்பும். குளித்து முடித்தால் போனில் கூப்பிட்டுச் சொல்லு. ஊசியில் நூல் கோர்த்து வைத்திருக்கிறேன்.

உன் பிரியமுள்ள
அம்மா